விளக்கு வைத்த பிறகு செய்த ஐஸ்கிரீம்

அண்ணிக்கு வாசனை ஆகாதவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். தாளிப்பு, காபித்தூள், பூண்டு, துணி சோப்பு, கொதிக்கும் சோறு, மழைக்கு முன் எழும் மண்வாசனை, என் அண்ணன். வரிசை நான் போட்டதல்ல. அண்ணி சொன்ன வரிசை. அண்ணன் தலைக்கு வைக்கும் எண்ணெயை மாற்றிப் பார்த்தான், பிறகு எண்ணெயே வைக்காமல் இருந்து பார்த்தான். பட்டியலில் அவன் ஏழாவதாகவே இருந்தான்.

அண்ணிக்கு அப்போது மூன்றாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் கால் மணி நேரத்துக்குள் வெளியே வந்தது. திங்கட்கிழமைதோறும் எங்கள் மலைக் கிராமத்துக்கு வரும் நர்ஸ் தன் பையிலிருந்து தராசை எடுத்துத் தரையில் வைத்து அண்ணியை ஏறி நிற்கச் சொன்னார். முள் நாற்பத்தொன்றில் நின்றது. முந்தைய முறை நாற்பத்துமூன்று.

“அடுத்த திங்கக்கெழம வருவேன். இதுக்கும் கீழ எறங்கியிருந்தா கையோட கூட்டிட்டுப் போய்டுவேன். குளுக்கோஸ் ஏத்தணும். அப்ப வந்து அழக்கூடாது” என்றார்.

அண்ணி அழவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார் என்று அம்மா போனில் சொன்னார்.

போன வருஷமும் இதே போலத்தான். மூன்றாம் மாதம், வாந்தி, கீழே ஆஸ்பத்திரி. நான்கு நாள் கழித்து அண்ணி வயிற்றில் பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தார். அது தங்காத கரு, ஆஸ்பத்திரிக்குப் போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இதே நர்ஸ் எடுத்துச் சொன்னார். எனக்கும் அது தெரியும். அண்ணிக்கும் தெரியும். ஆனாலும் மலையை விட்டு இறங்கினால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று அவர் முடிவு செய்திருந்தார். வெளியே சொல்லவில்லை. போன தடவை எடுத்துப்போன பையை மட்டும் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார்.

நான் கண்ணமங்கலத்துக்கு வெளியே ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா, எத்தனை டிகிரியில் உறைகிறது என்று பார்ப்பது என் வேலை. வாரத்துக்கு ஒரு முறை மலைக்குப் போவேன். அன்று போனில் அண்ணியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எதை நினைத்தால் குமட்டவில்லை?

“ஐஸ்கிரீம்” என்றார். ஆசையே இல்லாமல், பாகற்காய் என்பது போலச் சொன்னார்.

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. குளிர்ந்த பொருளிலிருந்து வாசனை குறைவாகத்தான் கிளம்பும்.

புதன்கிழமை அண்ணன் பைக்கில் கண்ணமங்கலம் வந்து டப்பா ஐஸ்கிரீம் வாங்கி, நான்கு செய்தித்தாள், ஒரு சாக்கு எல்லாம் சுற்றி எடுத்துப் போனான். இரண்டு மணி நேரப் பயணம். வீட்டில் டப்பாவைத் திறந்தபோது வெதுவெதுப்பான மஞ்சள் பால் இருந்தது. வெனிலா எசன்ஸ் வாசனை மூன்று வீட்டுக்கு அடித்ததாம். அம்மா கதவிலிருந்த தாளில் எட்டாவதாக அதை எழுதினார்.

எனவே ஐஸ்கிரீமை வீட்டிலேயே, எசன்ஸ் இல்லாமல், சாப்பிடுகிறவருக்குப் பத்தடி தூரத்தில் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் ஃபிரிஜ் கிடையாது. ஊர்க் கடையில் ஒன்று இருக்கிறது. இருக்கிற கரண்ட் வோல்ட்டேஜுக்கு அது சோடா பாட்டில்களை நிழலில் வைத்ததுபோல் வைத்திருக்கும், அவ்வளவுதான். ஐஸில் கல்லுப்பைக் கலந்தால் அது பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பன்னிரண்டு டிகிரி வரை இறங்கும். மின்சாரம் தேவையில்லை.

பட்டியல் போட்டேன். மூடி இறுக்கமான சில்வர் தூக்கு ஒன்று. அது உள்ளே நிற்கும் அளவுக்கு அலுமினியக் குண்டான். மரக்கரண்டி. பால். சர்க்கரை. கெட்டிப்படுத்தச் சாமை மாவு. தெர்மோகோல் பெட்டி. அதற்குள் போட உமி. சாக்கு. என் தெர்மாமீட்டர். ஐஸ். பதினொரு சாமான்கள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டேன். அதையடுத்து வரும் சனி, ஞாயிறு, திங்களுக்கும் சொல்லி வைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜூஸ் கடையில் ஆறு கிலோ ஐஸ் வாங்கி, பெட்டியில் உமிக்குள் புதைத்து, கணியம்பாடி போய் மலை ஏறும் பஸ்ஸைப் பிடித்தேன். பெட்டியின் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இன்னாம்மா, மீனா?” என்றார் கண்டக்டர்.

“ஐஸ்.”

“மீனு எங்க?”

“மீன் இல்ல.”

“வெறும் ஐஸா?”

“வெறும் ஐஸ்தான்.”

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கெட் கிழித்தார். அமிர்தியைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். 

வீட்டுக்குப் போனபோது மணி நாலரை. நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாக ஐஸ் மிச்சமிருந்தது. நான் போட்ட கணக்கை விட இது பரவாயில்லை. வாசனை வீட்டுக்குள் போகாதபடி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, பின்பக்கம் கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். பாலை முக்கால் பங்காகச் சுண்டவிட்டு, சர்க்கரை போட்டு, சாமை மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வரும்வரை கிளறினேன். ஏலக்காய் போடவில்லை. ஒன்றும் போடவில்லை. தூக்கில் ஊற்றித் தொட்டித் தண்ணீரில் வைத்து ஆறவிட்டேன். எல்லாம் ஆறு மணிக்குத் தயார்.

அம்மாவிடம் உப்பு கேட்டேன். உப்புச் சாடியில் ஒரு கைப்பிடி இருந்தது.

“மிச்சம் எங்க?”

“காலைல புளி அடைச்சேன் இல்ல. எல்லாம் பானைக்குள்ள போய்ட்ச்சி.”

பங்குனியில் மலையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கொட்டை எடுத்த புதுப்புளியைக் கல்லுப்போடு அடுக்கடுக்காகப் பானையில் அடைத்து வைப்பார்கள். மலையில் உப்பில்லாத வீடு கிடையாது என்று நினைத்துத்தான் நான் பட்டியலில் உப்பை எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் இரண்டு கிலோ உப்பு இருக்கத்தான் செய்தது. புளிக்குள் இருந்தது.

“அதுலருந்து எடுக்க முடியாதா?”

“எடுத்துக்கோ. புளியோட எடுத்துக்கோ” என்றார் அம்மா.

கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அப்போதுதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

“உப்பு ரெண்டு கிலோ.”

“விளக்கு வச்சாச்சும்மா. உப்பும் ஊசியும் கேக்காத. வேற இன்னா வேணும்?”

“வேற எதுவும் வேணாம்.”

“பிஸ்கெட்டு?”

“வேணாம். ஐஸ் கரைஞ்சிடும்ணா. காலைல அது தண்ணிதான்.”

“தண்ணிக்கா பஸ்ஸு ஏறிப் போய்ட்டு வந்த? இங்கயே பைப்புல வருதே.”

அது எங்கள் ஊரில் வழக்கம். விளக்கு வைத்த பிறகு உப்பு வாசல் தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டின் லட்சுமி கூடவே போய்விடும். வெள்ளிக்கிழமை என்றால் பேச்சே இல்லை. நானும் அந்த ஊரில்தான் பிறந்தேன். அது தெரிந்தும், ஐஸ் உருகும் வேகத்தைக் கணக்குப் போட்ட நான் விளக்கு வைக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த வீட்டில் அப்பா வழியில் ஒரு அத்தை தனியாக இருக்கிறார். கேட்டுப் பார்ப்போம் என்று போனேன்.

“வெள்ளிக்கெழம. விளக்கு வச்ச நேரம். அடுத்த வூட்டுக்கு உப்பு” என்றார் அத்தை, ஒவ்வொன்றாக. “இதுக்குத்தான் உன்ன கீழ அனுப்பி படிக்க வச்சாங்களா?”

“அண்ணிக்கு அத்தே. திங்கக்கெழம நர்சம்மா வந்துடுவாங்க.”

“தெரியும்டி. அவ வாந்தி எடுக்கற சத்தம் மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் கேக்குது.” முறத்தை ஓரமாக வைத்தார். என்னை விட்டுவிட்டு வாசல்படியைப் பார்த்தார். “உப்பு தாண்டக் கூடாது. ஐஸு தாண்டலாமா?”

“ஐஸுக்கு ஒண்ணும் இல்ல அத்தே.”

“அப்ப இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்க? எல்லாத்தயும் இங்க எடுத்துட்டு வா.”

இப்படியாக ஐஸ்கிரீம் செய்யும் இடம் எங்கள் வீட்டிலிருந்து அத்தை வீட்டுக்கு மாறியது. சாப்பிடுகிறவருக்கும் பாத்திரத்துக்கும் இடையே பத்தடி என்பது நாற்பதடி ஆனது. அண்ணன் குண்டானைத் தூக்கி வந்தான். சாக்கில் போட்டு உலக்கையால் ஐஸை உடைத்தோம். அத்தை ஒரு படி உப்பைத் தலை தட்டி அளந்து, யாரும் கை நீட்டக் கூடாது என்று சொல்லித் தன் கையாலேயே குண்டானுக்குள் போட்டார். ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை உப்பு. நடுவில் தூக்கு. தெர்மாமீட்டரைச் செருகினேன். ஐந்து நிமிடத்தில் மைனஸ் பதினொன்றுக்குப் போனது.

தூக்கின் கைப்பிடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி நடுவுக்குத் தள்ள வேண்டும். சுரண்டுவது நான், திருகுவது அண்ணன். வீட்டுக்குள் போக முடியாத ஆளுக்கு வெளியே ஒரு வேலை கிடைத்தது.

“அத்தே, வெரல்ல உணர்ச்சியே இல்ல” என்றான் அண்ணன்.

“அவ பத்து நாளா சோறில்லாம கெடக்கறா. உனக்கு வெரல் போனா இன்னா? திருகு.”

“திருகறேன்.”

“தயிர் கடையற மாதிரி ஆட்டாத. மெதுவா.”

“நீ எப்ப அத்தே ஐஸ்கிரீம் செஞ்ச?”

“செஞ்சதில்ல. ஆனா நீ செய்யறது தப்புன்னு பாத்தாலே தெரியுது.”

ஐஸ் உருக உருகக் குண்டானில் உப்புத் தண்ணீர் ஏறியது. இந்த முறையில் அவ்வப்போது தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மூடிவரை வந்துவிடும்.

“கொஞ்சம் தண்ணி எறக்கணும் அத்தே.”

“எங்க எறக்குவ?”

“வாசல்ல ஊத்திடறேன்.”

“என் உப்ப. மண்ணுல. இந்நேரத்துல. நாலு பேரு மிதிக்கற எடத்துல.”

“வேற குண்டான் இருக்கா?”

“இருக்கு. நாளைக்கு இட்லிக்கு அரிசி ஊறுது.”

தண்ணீர் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. உருக வேண்டிய ஐஸ் எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, போதும் என்று முடிவு செய்தேன். கணக்கு சரிதான். தூக்கைத் திருகும்போது தண்ணீர் அலையடிக்கும் என்பதை அதில் சேர்க்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் தூக்கு திரும்ப மறுத்தது. வெளியே எடுத்தேன். அத்தை ஒரு துணியால் அதைத் தானே துடைத்தார். அடி, பக்கம், கைப்பிடி வளைவு, மூடியின் விளிம்பு. என் விரல்களையும் அண்ணன் முழங்கையையும் துடைத்தார். துணியையும் கொண்டுபோக விடவில்லை. “இப்ப போ” என்றார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மூடியைத் திறந்து ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். பதம் நன்றாக வந்திருந்தது, நறநறப்பு இல்லை. முதலில் பால், பிறகு இனிப்பு, கடைசியில் தெளிவாக உப்பு. மூடி வழியே உள்ளே போயிருக்கிறது. அண்ணனிடம் கரண்டியை நீட்டினேன். அவன் ருசித்துவிட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

“கொட்டிட்டு நாளைக்குச் செய்லாமா?” என்றேன்.

“அவ மூடி சத்தத்த கேட்டுட்டா” என்றான்.

உண்மைதான். அண்ணி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் நான் பார்க்க, அவர் எதையாவது எதிர்பார்த்து உட்கார்ந்தது அன்றுதான். கிண்ணத்தில் நான்கு கரண்டி வைத்துக் கொடுத்தேன். முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார்.

“உப்பு” என்றார்.

“தெரியும் அண்ணி. வெளித் தண்ணி உள்ள போய்ட்ச்சி. விட்டுடுங்க, காலைல வேற செய்றேன்.”

“சும்மா இரு பாப்பா” என்று சொல்லி இரண்டாவது வாய் வைத்தார்.

கிண்ணம் காலியானது. இன்னும் நான்கு கரண்டி கேட்டார். வைத்தேன். பிறகு எல்லோரும் கால் மணி நேரம் ஆவதற்காகக் காத்திருந்தோம். அம்மா மிச்சப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கதவுக்கு வெளியே நின்றான். பத்து நிமிடத்தில் அண்ணி கண்ணை மூடினார். பக்கெட்டை அருகே நகர்த்தினேன். பதினைந்து. இருபது. அரை மணி நேரம் ஆனபோது, உட்கார்ந்தபடியே அவர் தூங்கிவிட்டார் என்பது தெரிந்தது. அம்மா எழுந்து பக்கெட்டைச் சத்தமில்லாமல் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். 

தூக்கில் மிச்சமிருந்தது காலையில் பாலாகியிருந்தது. அதையும் அண்ணி குடித்தார். அதுவும் உள்ளேயே நின்றது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிப் போய்ப் பத்து கிலோ ஐஸும், பட்டப்பகலில் நான்கு கிலோ கல்லுப்பும் வாங்கி வந்தேன். அதே கண்டக்டர். இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை, காலை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலேயே செய்தோம். தூக்கு மூடியைச் சுற்றிச் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டினேன். தண்ணீரை மூன்று முறை வடித்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. என் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லாத ஐஸ்கிரீம் அது.

அண்ணி ஒரு வாய் சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“நேத்து செஞ்சது இல்லியா?”

“நேத்து செஞ்சது தப்பு அண்ணி. இதுதான் சரி.”

“தப்பானதக் குடு.”

தப்பானதை மறுபடி செய்ய வேண்டுமென்றால் தப்பின் அளவு தெரிய வேண்டும். எவ்வளவு உப்பு உள்ளே போனது என்பதை நான் அளந்திருக்கவில்லை. ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் இதை ஒப்புக்கொள்வது சுலபமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ருசி பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது அத்தை வந்தார். கையில் படி இருந்தது.

முந்தின நாள் குண்டானில் நின்ற உப்புத் தண்ணீரை அவர் விடிந்ததும் அடுப்பில் ஏற்றிச் சுண்டவைத்து, தகரத்தில் கொட்டி வெயிலில் காயவைத்து, உப்பைத் திரும்ப எடுத்திருந்தார். வெள்ளையாக, பொடியாக இருந்தது.

“அளந்து பாத்தேன். இன்னொரு படி கல்லுப்ப எதிர்ல வச்சி தராசுலயும் பாத்தேன். ஒரு கரண்டி கொறையுது” என்றார்.

“துடைச்ச துணில இருக்கும் அத்தே.”

“துணியையும் அலசி ஊத்தித்தான் காய்ச்சினேன்.”

நான் அவரை மரியாதையோடு பார்த்தேன்.

“எங்கடி போச்சி என் உப்பு?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. “தூக்குக்குள்ள போய்ட்ச்சி அத்தே. அண்ணி சாப்ட்டுட்டாங்க.”

அத்தை உள்ளே எட்டி அண்ணியைப் பார்த்தார். “வயித்துல நின்னுச்சா?”

“நின்னுச்சி.”

அத்தை படியைக் குலுக்கிப் பார்த்தார். “வயித்துப் புள்ளைக்குப் போனது வெளிய போனதுல சேராது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, படியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார்.

ஒரு தூக்குக்கு ஒரு கரண்டி. அத்தை வீட்டுக் கரண்டியை ஓடிப்போய் வாங்கி வந்தேன். கரண்டி தாண்டலாம். உப்பைப் பாலில் கரைத்துத் தூக்கில் ஊற்றி மறுபடி உறையவைத்தேன். அண்ணி ருசித்தார். “ம்” என்றார். நேற்றையது போலவா என்று கேட்டேன். கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். நான் அதை முடிவாக எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் தீர்ந்தது. அதற்குள் சாமைக் கஞ்சியை நன்றாக ஆறவைத்து, சர்க்கரையும் அதே கணக்கில் உப்பும் போட்டுக் கொடுத்துப் பார்த்தோம். காலையில் பாதி நின்றது. மத்தியானம் முழுதும் வெளியே வந்தது. சாயங்காலம் முழுதும் நின்றது. ராத்திரி அம்மா கேட்டார், “நாளைக்கு முள்ளு எங்க நிக்கும்?” தெரியாது என்றேன். அது உண்மை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நர்ஸ் வந்தார். தராசைத் தரையில் வைத்தார். தரை சமமாக இல்லை என்று நான் அதை ஒரு முழம் நகர்த்தினேன். முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

“நீ பால எட போடறவதானே?” என்றார் நர்ஸ்.

“ஆமாங்க.”

“இவங்கள நான் போடறேன். நீ நகரு.”

அண்ணி ஏறி நின்றார். கீழே பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். முள் ஆடி, ஆடி, நாற்பத்தொன்றில் நின்றது. இறங்கி மறுபடி ஏறச் சொன்னார் நர்ஸ். மறுபடியும் நாற்பத்தொன்று.

“கொறையல” என்றார். நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இறக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார். “இன்னா சாப்ட்டீங்க?”

“ஐஸ்கிரீம்” என்றார் அண்ணி. “உப்பு போட்டது.”

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் அளவுகளைச் சொன்னேன். ஒரு லிட்டருக்கு இவ்வளவு சர்க்கரை, இவ்வளவு உப்பு, இவ்வளவு சாமை மாவு. அவர் முழுதும் கேட்டுக்கொண்டு, நோட்டில் ஆகாரம் என்ற இடத்துக்கு நேரே ‘திரவம்’ என்று எழுதினார். அது திரவம் இல்லை, மைனஸ் பதினொன்றில் உறையவைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். விட்டுவிட்டேன்.

“தண்ணி நெறைய குடிங்க. ஒண்ணுக்கு கொறஞ்சா, மயக்கம் வந்தா, திங்கக்கெழமைக்குக் காத்துக்கினு இருக்காதீங்க. போன் போடுங்க” என்று சொல்லி, தராசைப் பைக்குள் வைத்து, வந்த வழியே தனியாக இறங்கிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை நாற்பத்தொன்றரை. அந்த அரை கிலோவில் ஐஸ்கிரீம் எவ்வளவு, அண்ணி எவ்வளவு, பிள்ளை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் தராசு நர்ஸிடம் இல்லை. எங்கள் நிலையத்திலும் இல்லை.